ஒட்டிய கேம்ப்ளே வீடியோவில் ஒலி விலகல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி. வீட்டு ஹாலில் பிஎஸ்4-இல் கேம் ஆடி, கூடவே தமிழில் பேசிப் பதிவு செய்து, யூடியூபில் போடுகிறார். எடிட்டிங் முழுக்க அவருடைய அக்காவின் வேலை. நான் எடிட்டிங் தொழிலில் இருப்பதால், சிக்கல் வந்தபோது என்னிடம் வந்தார்கள். இருவரின் அனுமதியோடு, பெயர்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன்.

அவர்களுடைய ஏற்பாடு எளிமையானது. பிஎஸ்4-க்கும் டிவிக்கும் நடுவே ஒரு கேப்சர் பெட்டி. கம்ப்யூட்டர் தேவையில்லை, பெட்டியில் செருகிய பென் டிரைவிலேயே எம்பி4 ஃபைலாகப் பதிவாகிவிடும். பேச்சுக்குத் தனியாக ஒரு ஃபோன், வாய்ஸ் ரெக்கார்டர் ஆப்போடு மேசை மேல் இருக்கும். தம்பி ஹெட்ஃபோன் போடுவதில்லை. அதனால் டிவி ஸ்பீக்கரில் வரும் கேம் சத்தமும் ஃபோன் பதிவில் மெல்லிதாகக் கலந்திருக்கும். இந்த விவரம் பின்னால் ரொம்பவும் உதவியது.

பென் டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மட்டில் இருந்தது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. பெட்டி நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் எழுதுகிறது என்றால், கிட்டத்தட்ட 28 நிமிடம் 38 நொடியில் ஒரு ஃபைல் நிரம்பிவிடும். உடனே பெட்டி அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கும். அன்றைய ஆட்டம் 2 மணி 10 நிமிடம். கிடைத்தவை ஐந்து ஃபைல்கள், அதாவது நான்கு ஒட்டுகள்.

அந்த ஐந்தையும் அக்கா எஃப்எஃப்எம்பெக் என்ற, கட்டளை வரியில் இயங்கும் வீடியோ மென்பொருளில் ஒன்றாக ஒட்டினார். ஒரு நண்பர் அனுப்பிய கட்டளை வரியை அப்படியே பயன்படுத்தினார். மறு என்கோடிங் (படத்தை மீண்டும் சுருக்கி எழுதுவது) இல்லாமல் காப்பி முறையில் ஒட்டும் கட்டளை அது; இரண்டு மணி நேர வீடியோ சில நிமிடங்களில் ஒட்டி முடிந்துவிட்டது. அந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டே, வெட்ட வேண்டிய இடங்களின் நேரத்தை ஒரு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியும் வைத்துவிட்டார்.

அப்புறம்தான் தம்பியின் குரல் செய்தி வந்தது: “அண்ணா, முதல் ரெண்டு நிமிஷம் நல்லாத்தான் இருக்கு. போகப் போக சத்தம் பின்னாடி வருது. கடைசியில சுட்ட பிறகு எட்டு நொடி கழிச்சு சத்தம் கேக்குது. அக்கா ரெண்டு நாளா தள்ளித் தள்ளிப் பாக்குறாங்க, நிக்கவே மாட்டேங்குது.”

முதலில் செய்து பார்த்தவை

நான் பார்ப்பதற்கு முன் அக்கா இரண்டு வழிகளை முயன்றிருந்தார். இரண்டும் யாரும் இயல்பாகச் செய்யக்கூடியவைதான். ஒலி தாமதமாக வருகிறது என்பதால், மொத்த ஒலியையும் நான்கு நொடி முன்னால் இழுத்தார். நடுப்பகுதி சரியானது, தொடக்கத்தில் ஒலி நான்கு நொடி முந்தியது, முடிவில் நான்கு நொடி பிந்தியது. அடுத்து, வீடியோவின் நீளத்துக்குப் பொருந்தும்படி ஒலியைச் சுருக்கினார். இப்போது எட்டு நொடி விலகல் மறைந்தது. ஆனால் எந்த இடத்தைப் பார்த்தாலும் சின்னதாக ஏதோ இடித்தது. சில இடங்களில் துப்பாக்கியிலிருந்து தீ கிளம்பும் முன்பே சத்தம் கேட்டது.

44.1 கிலோஹெர்ட்ஸ், 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளந்து பதிவு செய்கிறது என்ற கணக்கு) குழப்பமாக இருக்குமோ என்றும் கேட்டார். ஃபோன் பதிவு 44.1-இல் இருந்தது, பெட்டியின் ஒலி 48-இல். நல்ல சந்தேகம், ஆனால் இங்கே பொருந்தாது. ஒரு மென்பொருள் இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் வேகம் 8 முதல் 9 சதவீதம் மாறும். ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிட வித்தியாசம் வரும், குரலின் சுருதியும் கேட்டவுடன் தெரியும் அளவுக்கு ஏறும் அல்லது இறங்கும். இரண்டு மணி நேரத்தில் எட்டு நொடி, அதுவும் குரல் மாறாமல் என்றால், காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

அளந்து பார்த்தது

எதையும் நகர்த்துவதற்கு முன் அளக்கலாம் என்று சொன்னேன். ஒலி விலகலில் மூன்று வடிவங்கள் உண்டு. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவில் விலகினால் மொத்தமாக ஒருமுறை தள்ளினால் போதும். விலகல் சீராகக் கூடிக்கொண்டே போனால், எங்கோ வேகம் தவறாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் திடீரென்று தாவினால், அந்த இடத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது. வடிவம் தெரிந்தால் காரணம் பாதி தெரிந்த மாதிரி. அது தெரியாமல் தள்ளினால், ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடுவதாகவே முடியும்.

அளக்கத் துப்பாக்கிச் சூடு மிகவும் வசதி. குழாய் முனையில் வெளிச்சம் தோன்றும் ஃப்ரேம் (வீடியோவின் ஒரு தனிப் படம்) துல்லியமாகத் தெரியும். ஒலி அலையில் அதே சத்தம் செங்குத்தாக எழும். எடிட்டரில் ஒரு ஃப்ரேம் ஒரு ஃப்ரேமாக நகர்த்தி, இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் குறித்தோம். ஒரு ஃப்ரேம் என்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி, இந்த வேலைக்கு அது போதும். மெனு திறக்கும் “டிக்” ஒலியும் இதே அளவுக்கு உதவும்.

10-ஆவது நிமிடத்தில் ஒலி 0.6 நொடி தாமதம். முதல் ஒட்டுக்குச் சற்று முன் 1.7 நொடி. அதுவரை நேர்கோடு. ஒட்டைத் தாண்டியதும் கிடைத்த முதல் சூட்டில் தாமதம் கூடவில்லை, 1.63 ஆகக் குறைந்திருந்தது. அங்கிருந்து மறுபடி அதே சாய்வில் ஏறி, இரண்டாவது ஒட்டில் மீண்டும் கொஞ்சம் இறங்கியது.

ஆக, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இரண்டு பிழைகள். ஒலியைத் தொடர்ந்து பின்னால் தள்ளும் ஒரு சாய்வு. ஒவ்வொரு ஒட்டிலும் ஒலியை முன்னால் இழுக்கும் ஒரு படி. ஒலியைச் சுருக்கியபோது சாய்வு போய், படிகள் மட்டும் மிஞ்சின. தீப்பொறிக்கு முன்பே சத்தம் கேட்டது அதனால்தான்.

முதல் இரண்டு நிமிடம் ஏன் “நல்லாத்தான்” இருந்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரைப்படி, ஒலி படத்தை 45 மில்லிநொடி அளவுக்கு முந்தினாலே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிந்தினால் 125 மில்லிநொடி வரை பெரும்பாலும் உறைக்காது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற விகிதத்தில் ஒலி பிந்தும்போது, 125 மில்லிநொடியைத் தொட இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். தம்பியின் காது சரியாகவே சொல்லியிருக்கிறது.

சாய்வின் காரணம்

ஆயிரத்தில் ஒன்று என்றதுமே எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பிஎஸ்4 1080பி-யில் டிவிக்கு அனுப்புவது நொடிக்குச் சரியாக 60 ஃப்ரேம் இல்லை, 59.94. 1953-இல் அமெரிக்காவில் கறுப்பு வெள்ளை டிவியோடு ஒத்துப்போகும் வண்ண ஒளிபரப்பை வகுத்தபோது, நிறத்துக்கான சிக்னலும் ஒலிக்கான சிக்னலும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாதிருக்க வேகத்தை 1001-க்கு 1000 என்று குறைத்தார்கள். அந்த எண் இன்னும் எச்டிஎம்ஐ கம்பி வழியாக வந்துகொண்டிருக்கிறது. நம் ஊர் டிவி 25 ஃப்ரேம் கணக்கில் வளர்ந்ததால் இந்தப் புள்ளி எண்கள் நமக்கு அவ்வளவு பழக்கமில்லை. பெட்டியின் அட்டையிலும் மெனுவிலும் “60” என்றே போட்டிருந்தது.

ஃபைலின் உள் விவரங்களை எஃப்எஃப்புரோப்பில் பார்த்தபோது 60000/1001, அதாவது 59.94 என்று தெளிவாக இருந்தது. நண்பர் தந்த கட்டளையில் ஃப்ரேம் ரேட் 60 என்ற ஆப்ஷன், இன்புட் ஃபைலின் பெயருக்கு முன்னால் இருந்தது. எஃப்எஃப்எம்பெக்கில் இடம் முக்கியம். அவுட்புட் பெயருக்கு முன்னால் இருந்தால், நேரத்தை மாற்றாமல், தேவைப்பட்டால் ஃப்ரேமைக் கூட்டிக் குறைத்து 60 ஆக்கு என்று பொருள். இன்புட்டுக்கு முன்னால் இருந்தால், ஃபைலில் எழுதியிருக்கும் நேரக் குறிகளை மறந்துவிட்டு, நொடிக்கு 60 என்று புதிதாக எண்ணிக்கொள் என்று பொருள். படம் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாக ஓடியது. ஒலி தன் வேகத்தில் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி. 2 மணி 10 நிமிடத்துக்கு 7.8 நொடி. தம்பி சொன்ன எட்டு நொடி இதுதான்.

ஆப்ஷனை நீக்கி மறுபடி ஒட்டியதும் சாய்வு போய்விட்டது.

படிகளின் காரணம்

புதிதாக ஒட்டிய ஃபைல் விஎல்சி பிளேயரில் கடைசி வரை சரியாக ஓடியது. எடிட்டரில் போட்டால் ஒவ்வொரு ஒட்டுக்குப் பிறகும் ஒலி கொஞ்சம் முந்தியது. “பிளேயர்ல சரியா இருக்குன்னா ஃபைல் சரிதானே அண்ணா, எடிட்டர்லதானே கோளாறு?” என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக ஓடினால், ஃபைலுக்குள் ஒரு ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று அதை மதிக்கிறது, மற்றது மதிக்கவில்லை.

ஐந்து ஃபைல்களிலும் வீடியோவின் நீளத்தையும் ஒலியின் நீளத்தையும் தனித்தனியாக எடுத்தோம். முதல் ஃபைலில் ஒலி வீடியோவைவிட ஏறத்தாழ 85 மில்லிநொடி குட்டை. ஏஏசி என்ற சுருக்க முறையில் ஒலி 1024 சாம்பிள்கள் (ஒலியின் அளவீடுகள்) கொண்ட கட்டுகளாகவே எழுதப்படும். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு கட்டு 21.3 மில்லிநொடி. ஆக, நான்கு கட்டுகள் குறைவு. மற்ற ஃபைல்களில் மூன்று முதல் ஐந்து கட்டுகள் வரை குறைந்தன. பெட்டி ஃபைலை மூடும் நேரத்தில், எழுதக் காத்திருந்த கடைசிக் கட்டுகள் எழுதப்படாமலே போயிருக்கின்றன என்பது என் கணிப்பு.

காப்பி முறையில் ஒட்டும்போது, அடுத்த ஃபைல் எந்த நேரத்தில் தொடங்க வேண்டும் என்பதை எஃப்எஃப்எம்பெக் முந்தைய ஃபைலின் மொத்த நீளத்தை வைத்து முடிவு செய்கிறது. மொத்த நீளம் இங்கே வீடியோவின் நீளம். ஆகவே முதல் ஃபைலின் ஒலி முடிந்ததற்கும் இரண்டாவதன் ஒலி தொடங்குவதற்கும் நடுவே 85 மில்லிநொடி வெறுமை. விஎல்சி நேரக் குறியைப் பார்த்துக் காத்திருந்து ஓட்டுகிறது. அவர்களுடைய எடிட்டர் ஒலிக் கட்டுகளை இடைவெளியில்லாமல் வரிசையாக அடுக்கிவிடுகிறது. நான்கு ஒட்டுகளையும் கூட்டினால் கடைசிப் பகுதியில் ஒலி 340 மில்லிநொடி முந்தியது. முந்துவதில் 45-ஐத் தாண்டினாலே தெரியும் என்னும்போது, 340 யாருக்கும் உறுத்தும்.

எடுத்த முடிவுகள்

நான்கு வழிகள் இருந்தன. ஒட்டுவதையே விட்டுவிட்டு ஐந்து ஃபைல்களையும் எடிட்டரில் தனித்தனியாக வரிசையில் வைப்பது முதல் வழி. ஒவ்வொன்றிலும் படமும் ஒலியும் தமக்குள் சரியாகவே ஒத்துப்போயின. தொடக்கத்திலும் முடிவிலும் வரும் துப்பாக்கிச் சூட்டை வைத்துச் சோதித்தோம். எடிட்டிங் இன்னும் தொடங்கவில்லை என்றால் இதைத்தான் நான் சொல்லியிருப்பேன். ஆனால் அக்காவின் நோட்டு முழுக்க ஒட்டிய ஃபைலின் நேரத்தில் இருந்தது. அந்த உழைப்பை வீணாக்க மனம் வரவில்லை.

எஃப்எஃப்எம்பெக்கின் கான்கேட் ஃபில்டர் இரண்டாவது வழி. ஒலி குட்டையாக இருந்தால் மௌனத்தை நிரப்பி அடுத்ததைத் தொடங்கும். சரியான பலன் தரும், ஆனால் படம் முழுவதும் மறு என்கோடிங் ஆக வேண்டும். அவர்களுடைய பழைய லேப்டாப்பில் அது ராத்திரி முழுக்க ஓடும். எக்ஸ்போர்ட்டில் இன்னொரு முறை என்கோடிங் ஆகப்போகும் படத்தை இப்போதே ஒருமுறை நசுக்குவதும் தேவையில்லாதது. ஒவ்வொரு ஒட்டிலும் ஒலியைக் கையால் நகர்த்துவது மூன்றாவது வழி. இந்த வீடியோவுக்குச் சரி, ஆனால் ஒவ்வொரு வாரமும் செய்ய வேண்டியிருக்கும்.

நான்காவதைத் தேர்ந்தெடுத்தோம். ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு ஃபைலிலும் ஓட்டையை அடைப்பது. படம் காப்பி, ஒலியை மட்டும் பிரித்து, வீடியோ முடியும் வரை மௌனம் சேர்த்து, சுருக்கப்படாத பிசிஎம் ஒலியாக எம்ஓவி ஃபைலில் எழுதச் செய்தோம். பிசிஎம்மில் 21 மில்லிநொடிக் கட்டு என்ற கணக்கே இல்லை என்பதால் ஒலியின் நீளத்தை வீடியோவோடு நெருக்கமாகப் பொருத்த முடியும். அதன் பிறகு காப்பி முறையில் ஒட்டினோம். எடிட்டரிலும் விஎல்சியிலும் ஒரே மாதிரி ஓடியது. ஒட்டுகளில் 85 மில்லிநொடி மௌனம், இசை ஓடும் இடத்தில் சின்ன வெட்டாகக் கேட்டது. இரு பக்கமும் 10 மில்லிநொடி ஃபேடு (சத்தம் மெல்லக் குறைவதும் கூடுவதும்) வைத்ததில் உறுத்தல் குறைந்தது. ஒலியை இழுத்து அந்த இடத்தை மூடலாமே என்று தம்பி கேட்டார். பதிவாகாத ஒலியை எதைக் கொண்டும் மூட முடியாது. இழுத்தால் சரியாக இருக்கும் 28 நிமிடமும் கெடும். ஆகவே மௌனம்.

நோட்டில் இருந்த நேரங்கள் வேகமாக ஓடிய பழைய ஃபைலுக்கு உரியவை. ஒவ்வொன்றையும் 1.001-ஆல் பெருக்கினால் போதும்: 1 மணி 40 நிமிடம் என்று எழுதியிருந்தால் ஆறு நொடி கூட்ட வேண்டும். அக்கா ஒரு ஷீட்டில் போட்டு முடித்துவிட்டார்.

பேச்சுப் பதிவு

இங்கே எதிர்பாராத ஒன்று தெரிந்தது. ஃபோன் பதிவு இடைவெளி இல்லாத ஒரே ஃபைல். அதில் கலந்திருந்த டிவி சத்தத்தையும் பெட்டியின் ஒலியையும் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தபோது, முதல் ஒட்டைத் தாண்டியதும் ஃபோன் பதிவு ஏறக்குறைய 0.4 நொடி பிந்தியது. அதாவது, பெட்டி ஒரு ஃபைலை மூடி அடுத்ததைத் திறக்கும் நேரத்தில் ஆட்டத்தின் 0.4 நொடி எங்குமே பதிவாகவில்லை. அதன் பிறகு படத்தைக் கூர்ந்து பார்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் வீரர் ஒட்டில் இரண்டு அடி தாவுவது தெரிந்தது. அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

இதோடு ஒரு சின்னச் சாய்வும் இருந்தது. ஃபோனுக்கும் பெட்டிக்கும் தனித்தனிக் கடிகாரம். இரண்டும் முழுக்க ஒத்துப்போகாது. ஒரு ஃபைலின் முடிவில் ஏறத்தாழ 90 மில்லிநொடி, அதாவது லட்சத்தில் ஐந்து பங்கு. பேச்சு மட்டும் என்றால் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். முகம் படத்தில் இல்லை, உதட்டசைவும் இல்லை. ஆனால் டிவி சத்தம் கலந்திருந்ததால், பெட்டியின் ஒலியோடு சேரும்போது ஒரே சூடு இரண்டு முறை கேட்டது.

மொத்தப் பதிவையும் துல்லியமாகச் சுருக்கும் வழியை நான் பரிந்துரைக்கவில்லை. 0.4 நொடித் தாவல்கள் இருக்கும்வரை ஒரே சுருக்கல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பதிலாக, தம்பி பேசாத இடங்களை எல்லாம் வெட்டி எடுத்தோம். டிவி சத்தத்தின் பெரும்பகுதி அதோடு போயிற்று. மிஞ்சிய பேச்சுத் துண்டுகளை ஒவ்வொரு ஒட்டிலும், நடுவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும், கலந்திருந்த சத்தத்தை வைத்தே பெட்டியின் ஒலியோடு பொருத்தினார் அக்கா. ஒரு துண்டில் விலகல் 30 மில்லிநொடியைத் தாண்டவில்லை. இரட்டைச் சூடு நின்றது.

விளைவும் மாற்றமும்

வீடியோ வெளியானது. ஒலி பற்றி இந்த முறை யாரும் குறை சொல்லவில்லை. ஒட்டுகளில் வீரர் தாவுவது மட்டும் அப்படியே இருக்கிறது, அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

அடுத்த பதிவுக்கு முன் பென் டிரைவை 4 ஜிபி வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டுக்கு மாற்றலாமா என்று பேசினோம். பெட்டி அதை ஏற்கும். சோதனைக்கு 40 நிமிடம் ஓடவிட்டதில் ஒரே ஃபைலாக வந்தது. ஒட்டே இல்லை என்றால் ஓட்டையும் இல்லை. ஆனால் எம்பி4 ஃபைலின் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். நடுவே கரண்ட் போனால் அதுவரை பதிவான எல்லாமே திறக்க முடியாத ஃபைலாகிவிடலாம். அவர்கள் தெருவில் மாலையில் கரண்ட் போவது சாதாரணம். இரண்டு மணி நேர ஆட்டத்தை இழப்பதைவிட ஒட்டுகளோடு மல்லுக்கட்டுவது மேல் என்று தம்பி முடிவு செய்தார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

ஆகவே ஃபைல் தானாக மூடும்வரை காத்திருப்பதில்லை. 25 நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு சேவ் பாயிண்ட் வந்ததும் ஆட்டத்தை நிறுத்தி, மெனுவை இரண்டு முறை திறந்து மூடுகிறார். பதிவை நிறுத்தி மறுபடி தொடங்குகிறார். மெனுவை மீண்டும் இரண்டு முறை திறந்து மூடிவிட்டு ஆடத் தொடங்குகிறார். அந்த “டிக்” ஒலி டிவி வழியாக ஃபோனிலும் விழுகிறது. ஒட்டின் இரு பக்கமும் அடையாளம் தயார். நொடிகள் இழந்தாலும் அது அசையாத மெனுப் பக்கத்தில்தான், அதை அக்கா எப்படியும் வெட்டிவிடுவார்.

அக்கா இப்போது ஃபைல்களை ஒட்டாமல் எடிட்டரிலேயே தனித்தனியாக வைக்கிறார், புராஜெக்டை 59.94-இல் தொடங்குகிறார். நண்பர் தந்த கட்டளை இன்னும் சில தேவைகளுக்குப் பயன்படுகிறது, ஃப்ரேம் ரேட் ஆப்ஷன் இல்லாமல். ஃபைல் முடிவில் ஒலி குட்டையாவது மட்டும் பெட்டியில் இன்னும் தொடர்கிறது. புதிய ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) போட்டுப் பார்த்தும் மூன்று நான்கு கட்டுகள் குறைகின்றன. எடிட்டரில் தனித்தனியாக வைப்பதால் அது அந்தந்த ஃபைலின் கடைசியிலேயே, வெட்டப்படும் மெனுப் பக்கத்தோடு போய்விடுகிறது.